எருமையின் வாய் ஏன் சிவந்தது?

— அசையாதீங்க மாமா. அப்படியே நில்லுங்க. கையில என்ன?

— கையிலயா? சொம்பு. வெறுஞ் சொம்பு. ஏன் புள்ள, நீ ஊட்டுக்குள்ள முறுக்குச் சுட்டுக்கிட்டு இருந்தீல்ல?

— சுட்டுக்கிட்டுத்தான் இருந்தேனுங்க. சன்னல் வழியாப் பாத்தா, என்ற ஊட்டுக்காரரு உச்சி வெயில்ல என்ற கேரட்டுப் பாத்திக்குச் சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்தறாரு. முறுக்கு கருகுனாக் கருகட்டும்னு ஓடியாந்தேன்.

— பயிரு வாடுதேன்னு ஒரு எரக்கம் புள்ள.

— எரக்கமா? உங்களுக்கா? இந்தப் பாத்தி மேலயா? இதுல கேரட்டு வரவே வராதுன்னு மீசையப் பந்தயம் வெச்சவரு நீங்க!

— பந்தயம் வேற, பயிரு வேற. இந்த அர்த்தநாரி பரம்பரை வெவசாயி.

— பரம்பரை வெவசாயி உச்சி வெயில்லயா தண்ணி ஊத்துவாரு? குச்சிக் கெழங்குக்குக்கூடப் பொழுது சாயட்டும்னு சொல்ற ஆளு நீங்க.

— அட, நீ சித்த சும்மா இரு சௌந்திரம். அக்கா மத்தியானப் பஸ்ஸுல வாரா. போயி முறுக்கப் பாரு.

— அதேதாங்க நானும் சொல்றேன். உங்கக்கா, என்ற நங்கையா, மத்தியானப் பஸ்ஸுல வாராங்க. மஞ்சப் பையில ஒரு பக்கம் கத்திரி, இன்னொரு பக்கம் முளைக்குச்சி. அவங்க கையால இந்தப் பாத்திய இழுத்துப் பாப்பாங்க. கேரட்டு வந்தா, கத்திரிய எடுத்து உங்க மீசைய வெட்டுவாங்க, இந்த எடம் எனக்கு. வரலைன்னா, முளைக்குச்சிய அடிச்சு உங்க கோழிப்பண்ணைக்கு எடம் அளந்து குடுப்பாங்க. இந்த நேரத்துல உங்களுக்கு இங்க என்ன சோலி?

— பெருச்சாளி.

— என்னங்க?

— பெருச்சாளி புள்ள! இந்தத் தண்டி! பாத்திக்குள்ள பூந்ததப் பாத்தேன். தொரத்த வந்தேன்.

— சொம்புத் தண்ணியிலயா?

— வளைக்குள்ள ஊத்துனா வெளிய வருமில்ல.

— வளை எங்கீங்க?

— அது... மூடிக்கிட்டுப் போயிருச்சு.

— பெருச்சாளி போறப்பக் கதவச் சாத்திக்கிட்டுப் போயிருச்சா!

— உனக்கு வாராவாரம் அந்தத் துப்பறியற கதையப் படிச்சுப் படிச்சுப் புத்தியே மாறிப்போச்சு. கட்டுன புருசனக் கொலைகாரனாட்டம் பாக்கற.

— கொலை நடந்த எடத்துல சொம்போட நின்னா வேற எப்படிப் பாக்கறதுங்க? இருங்க. எங்கியோ இடிக்குது. காத்தால நான் கோயிலுக்குப் போறப்ப இந்த எலையெல்லாம் சேவல் கொண்டையாட்டம் நிமுந்து நின்னுச்சு. இப்பத் தலையத் தொங்கப் போட்டிருக்குது.

— வெயிலு.

— பக்கத்துக் கத்திரிச் செடி வாடலீங்களே. அதுக்கு வேற சூரியனா?

— அது கத்திரி, இது கேரட்டு. குளிர் நாட்டுப் பயிருன்னு ரேடியோவுல சொன்னானில்ல.

— சரீங்க. ரேடியோவ விடுங்க. அங்க கட்டுத்தரையப் பாருங்க.

— கட்டுத்தரையில என்ன?

— நம்ம எருமையோட வாயி ஏன் செவந்திருக்குது?

— வெத்தல போட்டிருக்கும்.

— மாமா!

— சரி, சரி, கத்தாத. சொல்லீர்றேன். அடுத்த தோட்டத்துக்கே கேக்கும்போல இருக்குது. இங்க வா. மணல் மேட்டு மறைவுக்கு வா.

— இங்கியே சொல்லுங்க. உங்க மீசை துடிக்கறது எனக்கு இங்கிருந்தாத்தான் நல்லாத் தெரியுது.

— ராத்திரியெல்லாம் தூக்கமில்ல புள்ள. மீசையத் தடவிக்கிட்டே படுத்திருந்தேன். நீ காத்தால கோயிலுக்குப் போனயா, நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன். ஒண்ணே ஒண்ணு இழுத்துப் பாத்தா என்னன்னு தோணுச்சு.

— இழுத்தீங்க.

— இழுத்தேன். வந்துது பாரு! என்ற மணிக்கட்டுத் தண்டி! தப்பித் தவறி ஒண்ணு வந்திருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டு அடுத்தத இழுத்தேன். அதுவும் மணிக்கட்டுத் தண்டி.

— அப்புறம்?

— அப்புறம் கை நிக்கலியே. பாத்தி முச்சூடும் இழுத்துட்டேன்.

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையும். அந்தக் கடைசியில, மணல் மேட்டோரமா நின்னதுவரைக்கும்.

— இழுத்து?

— எருமைக்குப் போட்டுட்டேன். எலையத் தனியாப் பிரிச்சு, இருந்த எடத்துலயே மண்ணுல சொருகி வெச்சேன். அக்கா இழுத்தாக் கேரட்டுன்னு சொல்ல ஒண்ணுமிருக்காது, நான் செயிச்சுருவேன்னு கணக்குப் போட்டேன். வெயிலேற ஏற ஒவ்வொண்ணாத் தலை சாஞ்சிருச்சு. அக்கா வரதுக்குள்ள நிமுத்தோணுமேன்னுதான் தண்ணி.

— ...

— திட்டு புள்ள. பேசாம நிக்காத. ஏன், தோளு குலுங்குது? அழுகறயா? அட, அழாத சாமி. நான் பண்ணுனது பெரிய தப்பு. நான் ஒரு முட்டாளு. நான் ஒரு... ஏன் புள்ள? நீ சிரிக்கறயா?

— ஐயோ... இருங்க... சித்த இருங்க... வவுறு வலிக்குது...

— என்னடி இது, காத்து கருப்பு ஏதாச்சும் அடிச்சிருச்சா?

— ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க இழுத்த கேரட்டுக்கு இடுப்புல என்னமோ சுத்தியிருந்துச்சுங்களா?

— இருந்துச்சே. நாராட்டம். வேருன்னு நெனச்சேன்.

— பக்கத்துல இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சா? குட்டியா, சூம்பிப் போயி, கோணக் காலோட?

— ஆமா! அதுலதான் எலையே மொளச்சிருந்துச்சு. வாழைக்குப் பக்கக் கன்னு வருமில்ல, அந்த மாதிரி கேரட்டு ஈன்ன குட்டின்னு நெனச்சேன். தாயப் பிரிச்சு எருமைக்குப் போட்டுட்டுக் குட்டிய எலையோட திரும்ப நட்டு வெச்சேன்.

— கேரட்டு ஈன்ன குட்டி! ஐயோ மாமா, என்னக் கொல்லாதீங்க. அந்தக் குட்டிதான் நான் வெளைய வெச்சது. தாய், ஊட்டியிலிருந்து எறங்குனது.

— என்ன சொல்ற?

— சேலம் மார்க்கெட்டுல வாங்குன ஊட்டிக் கேரட்டுங்க. நாந்தான் மண்ணைத் தோண்டி, குட்டிக்குப் பக்கத்துல படுக்க வெச்சு, மல்லிப்பூக் கட்டறாப்பல வாழைநாருல கட்டி மூடுனேன்.

— நீ எப்ப புள்ள சேலம் போன?

— யோசிச்சுப் பாருங்க.

— நீ எங்கியுமே... பல்லு! போன வாரம் பல்லப் புடுங்கோணும்னு போனயே!

— பல்லெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க. பாருங்க. ஈஈ.

— அடிப்பாவி! கன்னத்துல துணியக் கட்டிக்கிட்டுப் பஸ்ஸ விட்டு எறங்குனயே! பேச முடியலேன்னு சைகை பண்ணுனயே! நான் உனக்குக் கஞ்சி காச்சி, ஆத்தி, ஊதி ஊதிக் குடுத்தேனே!

— நல்லா இருந்துச்சுங்க. உப்புத்தான் சித்த பத்தல. அதச் சொல்லலாம்னா வாயத் தொறக்க முடியாதே.

— நான் அன்னிக்கு உன்ற கட்டிலுக்கிட்ட உக்காந்து அழுதேன் தெரியுமா?

— தெரியும். ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தேன். இன்னும் ரெண்டு நாளைக்குப் பல்லு வலிச்சாத் தேவலைன்னு இருந்துச்சு.

— கேரட்டெல்லாம் எங்க வெச்சிருந்த?

— உங்க தலைமாட்டுல. அரிசிப் பானைக்குள்ள. அடுத்த நாளே முட்டை லாரிக்காரரப் பாக்கோணும்னு நீங்க நாமக்கல் கெளம்பிப் போயிட்டீங்க. போனதும் பல்லு வலி பறந்துபோச்சு. மம்முட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

— அப்ப நான்... நான் வெடிய வெடியப் பயந்து, திருட்டுத்தனமாப் புடுங்கி எருமைக்குப் போட்டது உன்ற கேரட்டே இல்லியா?

— இல்லீங்க. நம்ம எருமை ஊட்டிக்குப் போகாமயே ஊட்டியத் தின்னுருச்சு.

— சிரிக்காத புள்ள! நீ சிரிச்சா எனக்கும் வருது!

— வந்தாச் சிரிங்க. மீசையச் சுத்தி வெச்சுக்கிட்டுச் சிரிப்ப அடக்குனா எருமை மொறைக்கறாப்பலயே இருக்குது.

— ஹஹ்ஹா... வாழைக்குப் பக்கக் கன்னு! நான் இத அக்காகிட்டப் பெருமையாச் சொல்லலாம்னுகூட இருந்தேன்.

— ஐயோ, உக்காருங்க, கீழ விழுந்துருவீங்க.

— அது சரி. உன்ற கேரட்டு ஏன் புள்ள அப்படிச் சப்பாணி ஆச்சு?

— நம்மூரு வழக்கப்படி செஞ்சேனுங்க. மொளகா, தக்காளி, கத்திரி எல்லாத்துக்கும் நாத்து விட்டு, புடுங்கி நடறமில்ல? கேரட்டுக்கும் அப்படியே நாத்தங்கால் போட்டு, புடுங்கி, வரிசை புடிச்சு நட்டேன். புடுங்கி நட்டதுல ஆணிவேரு மடங்கிப்போச்சு போல. அதுக்கு மேல பச்சை ஆட்டுப் புழுக்கையக் கூடை கூடையாக் கொட்டுனேன். மார்கழியில ஒண்ணத் தோண்டிப் பாத்தா, ரெண்டு காலயும் மடக்கிச் சப்பணம் போட்டு உக்காந்திருக்குது. இன்னொண்ணு ஒத்தக் காலுல நிக்குது. கேரட்டுப் பாத்தியா, சர்க்கஸ் கூடாரமான்னு தெரியல.

— அதுக்குப் பல்லு வலி நாடகமா? இந்தத் துண்டு நெலத்துக்கு இத்தன பாடா புள்ள?

— உங்களுக்குத் துண்டு நெலமுங்க. தோட்டம் முச்சூடும் நீங்க சொல்றதுதான் வெளையுது. கெழங்குன்னா கெழங்கு, கடலைன்னா கடலை. நான் தண்ணி கட்டுவேன், களை எடுப்பேன், ஒரு நாளும் என்ன வெதைக்கலாம்னு என்னக் கேட்டதில்ல. ஊட்டுக்குப் பின்னால இருக்கற இந்தப் பொடக்காளித் துண்டு ஒண்ணுதான் என்ற பேச்சக் கேட்டு வெளையறது. இங்கயும் கோழிக் கூண்டுன்னா நான் எங்க போறதுங்க?

— இத நீ ஐப்பசியிலயே சொல்லியிருக்கலாமில்ல.

— சொல்ல வந்தேன். நீங்க கோழிப்பண்ணைக்குன்னு காவேரி மணல லாரியில கொண்டாந்து பாத்தியோரம் கொட்டி, அது மேல ராசாவாட்டம் ஏறி நின்னுக்கிட்டு, சேலத்து வெயில்ல கேரட்டான்னு சிரிச்சீங்க. எனக்கு வந்த கோவத்துல கையில மீதியிருந்த வெதைய உங்க மூஞ்சி மேலயே வீசுனேன்.

— ஆமா, மீசை பூரா வெதை. தட்டிவிட்டுக்கிட்டேதான் பந்தயம் கட்டுனேன்.

— அப்புறம் எங்கிருந்து பேசறது?

— சரி. நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் திருட்டுப் பசங்க, கணக்கு நேராயிருச்சு. அக்கா வந்தா என்ன சொல்றது?

— இருங்க. எங்கியோ இடிக்குதுங்களே.

— மறுபடியுமா!

— நீங்க புடுங்குனதுல எல்லாத்துக்கும் நாரு இருந்துச்சுங்களா?

— எல்லாத்துக்கும்... இல்ல. கடைசி ஒண்ணுக்கு மட்டும் இல்ல. அந்த மணலோரம் நின்னது.

— குட்டி?

— குட்டியுமில்ல. எலை அதோட தலையிலயே மொளச்சிருந்துச்சு.

— மாமா. ஊட்டிக் கேரட்டுக்குத் தலையில எலையே இருக்காது. சீவித்தான் மூட்டை கட்டுவாங்க.

— அப்படீன்னா?

— அது எங்க? அதையும் எருமைக்குப் போட்டுட்டீங்களா?

— இல்ல. அத வந்து... நான் தின்னுட்டேன் புள்ள.

— தின்னுட்டீங்களா!

— சின்னதா, நேரா, பாக்கவே அழகா இருந்துச்சு. வேட்டியில தொடச்சுக் கடிச்சுட்டேன்.

— எப்படீங்க இருந்துச்சு?

— என்னத்தச் சொல்றது...

— சொல்லுங்க மாமா. எப்படி இருந்துச்சு?

— கடக்குனு ஒடஞ்சுது. கடிச்ச ஒடனே தண்ணி. அப்புறம் ஒரு இனிப்பு, கருப்பட்டி இனிப்பு இல்ல, எளங் கரும்போட நுனி இருக்குமே, அந்த இனிப்பு. மண்ணு வாசம் வேற. கண்ண மூடிக்கிட்டுத் தின்னேன். தின்னு முடிச்சப்புறம்தான் மீசை ஞாபகமே வந்துது.

— நான் வெளைய வெச்சது, எனக்கே தெரியாம வெளஞ்சிருக்குது!

— வெளஞ்சுது புள்ள. நெசமா வெளஞ்சுது.

— அத என்ற கண்ணுல காட்டாமத் தின்னுட்டு வந்து நிக்கறீங்களே! இந்த ஒலகத்துல நான் செயிச்சதுக்கு ஒரே சாட்சி உங்க நாக்கு!

— அந்த நாக்குல இனிப்பு இன்னும் போகல புள்ள.

— நங்கையாகிட்ட என்ன சொல்லுவீங்க? மீசையத் தொட்டுப் பாக்காதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க.

— பஸ்ஸு ஆரன் புள்ள! வந்துட்டா! இந்தச் சொம்ப எங்க ஒளிக்கறது?

— அந்தப் பார்த்தீனியப் பொதருக்குள்ள வீசுங்க, மணல் மேட்டுல.

— எடுக்கறப்ப யாரு கைய விடறது? தொட்டா ஒடம்பெல்லாம் தடிச்சு அரிக்கும். எருமைத் தொட்டித் தண்ணி வழிஞ்சு வழிஞ்சு என்ற மணலே காடாப் போச்சு.

— அப்ப எருமை வாயவாச்சும் தொடைங்க!

— என்ற துண்டாலயா?

— சீக்கிரங்க! வேலிப்படல் தொறக்கற சத்தம் கேக்குது!

— ஏஞ் சாமி, ரெண்டு பேரும் இந்த வெயில்ல எருமைக்கு மூஞ்சி கழுவி உடறீங்க? பொங்க நோம்பி நாளைக்குத்தானே?

— வாங்க நங்கையா! வாங்க வாங்க! பஸ்ஸுல கூட்டமுங்களா? ராசிபுரத்துல எல்லாரும் சௌக்கியமா? முறுக்குச் சாப்புடுங்க, சூடா இருக்குது!

— கருகுன வாசம் இட்டேரித் தடம் வரைக்கும் வந்துது அம்மிணி. முறுக்கு அப்புறம். அது ஏன் எருமைக்கு வாயெல்லாம் செவந்து கெடக்குது?

— வெத்தல...

— மாமா!

— அதாவதுக்கா, பட்டிப் பொங்கலுக்குன்னு முன்கூட்டியே குங்குமம் வெச்சுப் பாத்தோம்.

— வாயிலயா? கொம்புக்கு வெக்கறதத்தான் நான் கண்டிருக்கேன். சரி, மொறைன்னு ஒண்ணு இருக்குது. வந்த வேலையப் பாத்துட்டுத்தான் தண்ணியே குடிப்பேன். இந்தா மஞ்சப் பை. கத்திரியும் இருக்குது, முளைக்குச்சியும் இருக்குது. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இன்னிக்கு வேலை. பாத்தி இதுதானே?

— அக்கா, மொதல்ல ஒரு வாய் காப்பி...

— தள்ளு தம்பி. இந்தப் பெரியநாயகி தராசு புடிச்சா முள்ளு அசையாது. ஆங், இதோ ஒண்ணு. என்ன, தொட்டதும் கையோட வருது? மண்ணுல வேரே ஊனலியே. ஐய, இதென்ன கருமம்?

— கேரட்டுங்க நங்கையா.

— கேரட்டா? காலு ரெண்டு, தும்பிக்கை ஒண்ணு. இடுப்புல என்ன அம்மிணி, நாரு? அரணாக்கயிறு கட்டி விட்டிருக்கறயா?

— அது வந்துங்க...

— அடுத்ததும் அப்படித்தான். இதும் அப்படித்தான். இது பாரு, கால் மேல காலு போட்டு மிட்டாதாராட்டம் உக்காந்திருக்குது. சரி, முடிஞ்சுது. அம்மிணி, மனசத் தேத்திக்க. தம்பி, முளைக்குச்சிய...

— அக்கா, நில்லு.

— என்ன சாமி?

— கத்திரிய எடு.

— என்னங்க மாமா!

— நீ சும்மா இரு புள்ள. அக்கா, நெசமான கேரட்டு ஒண்ணு வந்துது. கோணாம, நேரா, எலையோட. காத்தால திருட்டுத்தனமாப் புடுங்கித் தின்னுட்டேன். சௌந்திரம் செயிச்சுட்டா. இந்தா, மூஞ்சிய நீட்டிட்டேன். வெட்டு.

— ஏண்டா தம்பி, உன்ற கல்யாணத்தன்னைக்குச் சவரம் பண்ண வந்தவரு மீசையில கை வெச்சாருன்னு பந்தலவிட்டே எந்திரிச்சுப் போன ஆளு நீ. இன்னைக்குத் தானா வந்து நீட்டறயா?

— உண்மையச் சொன்னேன்.

— எனக்குக் கண்ணுல தண்ணி வருது சாமி. பொண்டாட்டி அழுகக் கூடாதுன்னு மீசையவே குடுக்க வந்துட்டயே. நம்ம ஊட்டு ஆம்பளைங்க யாரு இந்த மாதிரி செஞ்சாங்க? ஆனா இந்தப் பொய்யி செல்லாது.

— பொய்யில்லக்கா! வேண்ணா நாக்கப் பாரு!

— நாக்க உள்ள போடு. கண்ணுல காணாத கேரட்டுக்கு மீசைய வெட்டுனா, நாளைக்கு நான் ராசிபுரத்துல தலை நிமுந்து நடக்க முடியாது.

— அவரு சொல்றது நெசமுங்க நங்கையா. பொய் சொன்னது நாந்தான். எங் கேரட்டு சப்பாணி ஆயிருச்சுன்னு ஊட்டிக் கேரட்ட வாங்கியாந்து நாருல கட்டி வெச்சேன். அவரு அதத் தெரியாம என்றதுன்னு நெனச்சுப் புடுங்கி எருமைக்குப் போட்டுட்டாரு.

— இரு அம்மிணி. நீ நட்டதுல ஏமாத்துன, அவன் புடுங்குனதுல ஏமாத்துனானா?

— ஆமாங்க.

— அதான் எருமைக்கு வாயி செவந்துதா?

— ஆமாங்க.

— எருமை ஒண்ணுதான் இந்த ஊட்டுல ஒழுங்கா இருந்திருக்குது. சிரிக்காதீங்க ரெண்டு பேரும்! நானே அடக்கிக்கிட்டு நிக்கறேன். பாரு, இதுக்குத்தான் சொல்றது, மொறைன்னு ஒண்ணு இருக்குது. பாத்தியில கேரட்டு இல்ல. எடம் தம்பிக்கு.

— எனக்கு வேண்டாங்கா. கோழிப்பண்ணைய ரோட்டோரக் காட்டுல போட்டுக்கறேன்.

— வேண்டாம்னு சொல்ல நீ யாரு? நாலு பேரு மத்தியில கட்டுன பந்தயம். வாக்குன்னா வாக்கு.

— உடுங்க மாமா. நங்கையா சொல்றது ஞாயந்தான். கத்திரிச் செடி காச்சு முடியற வரைக்கும் மட்டும் விட்டீங்கன்னாப் போதும்.

— சௌந்திரம்...

— நான் ஒண்ணும் அழுகலீங்க. முறுக்குப் பொகை.

— நல்ல புள்ள நீ. வா தம்பி, மொத முளைய இந்த மூலையில அடிப்போம். இந்த மணல் மேட்டோரமா. அட, இங்க காலு வெக்க எடமில்லாமக் களை மண்டிக் கெடக்குது. இதப் புடுங்கிப் போட்டாத்தான் கயிறு புடிக்க முடியும்.

— தொடாதக்கா, பார்த்தீனியம். அரிக்கும்.

— முந்தானையச் சுத்திக்கிட்டுத்தான் புடிக்கறேன். ஆமா சாமி, இது என்ன இந்த இறுக்கு இறுக்குது? பார்த்தீனியம் இழுத்த ஒடனே வந்துருமே.

— நங்கையா. நிறுத்துங்க.

— என்ன அம்மிணி, பாம்பா?

— அந்த எலைய ஒருக்காக் கசக்கி மோந்து பாருங்க.

— எதுக்கு? ம்ம்... வாசம் நல்லாத்தான் இருக்குது. மல்லித் தழையாட்டம், ஆனா மல்லியில்ல.

— மாமா, ஐப்பசியில நான் வெதைய வீசுனப்ப நீங்க எங்க நின்னீங்க?

— இங்கதான். இந்த மேட்டு மேல.

— மீசையத் தட்டிவிட்டது?

— இங்கயேதான் நின்னு... புள்ள!

— நாத்து விடல. புடுங்கி நடல. புழுக்கை போடல. வெறும் மணலு. தெனமும் எருமைத் தொட்டித் தண்ணி. நேரா இழுங்க நங்கையா. கோணாம. மெதுவா!

— இழுக்கறேன் அம்மிணி. வருது... வருது... யம்மாடி! இதென்ன இத்தன நீளம்! அம்பு மாதிரி!

— அடுத்தது! அதுக்குப் பக்கத்துல இருக்கறது!

— இதுவும்! இந்தா, இதுவும்! இந்த மேடு முச்சூடும் இதுதான் இருக்குது! எருமை கத்தறதப் பாரு, கயித்த அத்துக்கிட்டு வந்துரும்போல!

— எனக்கு ஒண்ணு குடுங்க நங்கையா, நான் இன்னும் தின்னே பாக்கல!

— தின்னு புள்ள, தின்னு! கண்ண மூடிக்கிட்டுத் தின்னு! எப்படி இருக்குது?

— ம்ம்... நீங்க சொன்னதேதாங்க!

— பாத்தயாக்கா, நான் பொய் சொல்லல! இரு இரு. பாத்தியில வரல, மணல்லதான வந்துது? மணலு என்றது. லாரி வெச்சு நான் கொண்டாந்தது. கோழிப்பண்ணை மணலு.

— மணலு உன்றது, ஒத்துக்கறேன். வெதை அவளுது. அதத் தூவுனது உன்ற மீசை. அந்த முளைக்குச்சியக் கீழ போட்டுட்டுக் கத்திரிய எடுத்துட்டு வா சாமி. வந்து வெளிச்சமாப் பாத்து உக்காரு.